ஏழாம் கட்டம்: அயலார்

ஒருத்தி மட்டுமே அமர்ந்திருக்கும் பேரவையோரே,

என் அன்பிற்குரிய திருப்புளிக்கு, உடல் ஓய்ந்தாலும் வாய் ஓயாத முதிய சொற்பொழிவாளன் எழுதிக்கொள்வது. இங்கு நலம். உன் நலத்தையும், நீ பழுது நீக்கி ஏற்றி இறக்கும் மின்தூக்கிகள் அனைத்தின் நலத்தையும் அறிய விழைகிறேன். என் முழங்கால்கள் அரை நலம். செவிகள் முக்கால் நலம். குரல் முழு நலம். மாத்திரைகளைக் காலையில் இரண்டும் மாலையில் ஒன்றுமாக விழுங்கி வருகிறேன் என்பதை, நீ கேட்பதற்கு முன்பாகவே இவ்வவையின் முன் வைக்கிறேன். உன் தாய் நட்டுவிட்டுப் போன செடிகளுக்கு நாள்தோறும் தண்ணீர் விடுகிறேன். ஒன்று பட்டுவிட்டது. அதை வாடவிட்டேன் என்று யாரும் என்மீது பழி சுமத்த முடியாது. அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டதால்தான் பட்டது.

இனி, வழக்கு. இந்த மாநிலத்தின் வழியுரிமைச் சட்டத்தின்மீது நான் குற்றம் சாட்டுகிறேன். யார் இறந்தால் எது யாருக்கு என்று நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகளை எழுதி வைத்திருக்கும் அச்சட்டம், உன்னைப் பற்றி ஒரே ஒரு சொல்லை எழுதி வைத்திருக்கிறது. அச்சொல், ‘அயலார்’. எட்டாம் அகவையில் தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு என் வாழ்வுக்குள் வந்து, ஒன்பதாம் அகவையில் என் ஒலிபெருக்கியைத் திருகு திருகாகக் கழற்றித் தரையில் பரப்பி, அதனாலேயே திருப்புளி என்று பெயர் பெற்று, இருபத்தெட்டு ஆண்டுகளாக என் உணவையும் உறக்கத்தையும் மாத்திரையையும் அதட்டி வரும் உன்னை, அயலார் என்கிறது. இதைப் பொறுப்பதா என்று கேட்கிறேன். நீ விடை சொல்ல வேண்டியதில்லை. மேடையில் கேட்கப்படும் வினாக்களுக்கு விடை சொல்பவர்களை நாங்கள் விரும்புவதில்லை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். சென்ற மாதம் நெஞ்சக மருத்துவர் என் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். நான் அவருக்கு நிலைமையை விளக்கத் தொடங்கினேன். “கொஞ்சம் பேசாம இருங்க ஐயா. நீங்க பேசறதுதான் கேக்குது, இதயம் கேக்கல” என்றார். பிறகு, “பயப்பட ஒண்ணுமில்ல” என்றார். பிறகு சற்று நிறுத்தி, “வீடு யார் பேர்ல இருக்கு?” என்றார். அந்த இரண்டு சொற்றொடர்களுக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளியின் பொருள், மேடையில் இடைவெளி விட்டே பெயர் வாங்கிய எனக்குப் புரியாமல் போகுமா? நீ பதறாதே. என் இதயம் எப்போதாவது ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது, அவ்வளவே. நானும் மேடையில் ஒரு பத்தியைத் தவறவிட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவியதுண்டு; கேட்டவர்கள் யாரும் இறந்துவிடவில்லை.

வீடு என் பெயரில் இருக்கிறது. உன் தாயின் ஊதியமும் என் மேடைக் கொடையும் கலந்து எழுந்த வீடு அது. பதிவு செய்யச் சென்ற நாளில் அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். நான் வேலையின்றி இருந்தேன். அந்த ஒரே தகுதியால் வீடு என் பெயருக்கு வந்தது. நான் எதுவும் எழுதாமல் கண்ணை மூடினால் அது என் அண்ணன் மகனுக்குச் சென்று சேரும். அவன் முகத்தை நான் பதினைந்து ஆண்டுகளாகக் கண்டதில்லை. உனக்கோ அவ்வீட்டின் ஒரு செங்கல்லும் கிடையாது. சட்டம் குருதியைப் பார்க்கிறது. குருதி ஓட்டத்துக்கு மருந்து வாங்கிக் கொடுப்பவரைப் பார்ப்பதில்லை.

ஆகவே, எழுதிவிடத் துணிந்தேன். உயில் என்னும் சொல் அயல்மொழியிலிருந்து வந்து தங்கியது. வாரிசு என்பது கடல் கடந்து வந்தது. சாட்சி என்பது வடமொழி. அம்மூன்றையும் வாயிலிலேயே நிறுத்திவிட்டு, ‘இறுதி விருப்பமுறி’ என்று தலைப்பிட்டு, மூன்று நாள் அமர்ந்து பத்தொன்பது பக்கம் எழுதினேன். அதற்கு இரண்டு படிகள் எடுக்கத் தெருமுனைக் கடைக்குச் சென்று, “ஒளிப்படி இரண்டு வேண்டும்” என்றேன். கடைக்காரர் என்னை ஒரு முக்காலியில் அமர்த்தி, முகவாயைத் தூக்கிவிட்டு, மின்னல் அடித்து, என் முகத்தை எட்டுப் படங்களாகக் கையில் கொடுத்தார். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. இரண்டை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

பதிவு அலுவலகத்தில் இரண்டாம் மேசையில் ஓர் எழுத்தர் அம்மையார் இருக்கிறார். நாற்காலியில் ஒரு சிறு மெத்தை, வலப்பக்கம் தண்ணீர்க் குப்பி, இடப்பக்கம் முத்திரை. இந்த மூன்றுக்கும் நடுவே அசையாமல் அமர்ந்து மாநிலத்தையே நடத்துகிறார். முறியை வாங்கி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஐயா, இது உயிலா, கூட்டத்துக்கு அழைப்பா?”

“விருப்பமுறி.”

“‘அவையோரே’ன்னு ஆரம்பிக்குதே.”

“நான் எதையும் அப்படித்தான் தொடங்குவேன், அம்மா.”

“சரி. மூணாம் பக்கத்துல நிலவு வருது, அஞ்சாம் பக்கத்துல கடல் வருது. வீடு எந்தப் பக்கத்துல வருது?”

“பதினேழில்.”

அவர் பதினேழாம் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். உன் தாய்க்குப் பிறகு என் எழுத்தை இத்தனை ஈவிரக்கமின்றிச் சுருக்கியவர் இவர் ஒருவரே. பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். “தூவல் கிடைக்குமா?” என்று கேட்டேன். அவர் சாளரத்தைப் பார்த்து, “வெயில்தானே அடிக்குது ஐயா, தூறல் எங்க?” என்றார். எழுதும் தூவல் என்று விளக்கினேன். “பேனான்னா பேனான்னு சொல்லுங்களேன்” என்று தம்முடையதைக் கொடுத்தார். அதில் மை இல்லை.

படிவத்தில், பெறுபவருக்கும் தருபவருக்கும் உள்ள உறவு யாது என்று கேட்டு எட்டுக் கட்டங்கள். அவரே வாய்விட்டுப் படித்தார்.

“உங்களுக்கு அவங்க என்ன வேணும்?”

“மகள்.”

“பெத்த மகளா?”

“வளர்த்த மகள்.”

“தத்து எடுத்த ஆவணம் இருக்குதா?”

“இல்லை. அவள் தாயை மணந்தேன். அவளுந்தான் வந்தாள்.”

“அப்போ மூணும் இல்ல, நாலும் இல்ல. ஏழு.” அவர் விரல் ஏழாம் கட்டத்தின்மீது வந்து நின்றது. “அயலார்.”

அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். எழுந்ததும், திருப்புளி, ஐம்பது ஆண்டுப் பழக்கம் என்னை விடவில்லை. வரிசையில் நின்றவர்களை நோக்கித் திரும்பி, “அவையோரே” என்றேன். பிறப்புச் சான்றுக்கு நின்றவர்கள், மனை விற்க வந்தவர்கள், திருமணத்தைப் பதிய வந்திருந்த இளம் இணையர், இத்தனை பேரும் என் அவையாயினர். நாற்பது மணித்துளிகள் பேசினேன். பெற்றது பெரிதா, வளர்த்தது பெரிதா என்று வினவினேன். மணமகன் கைதட்டினான், மணமகள் அவன் கையைப் பிடித்து இறக்கினாள். காவலர் அருகில் வந்து, “ஐயா, மைக் இல்லாம பேசறதுக்கு அனுமதி தேவையில்லன்னு நெனைக்கறேன், நீங்க பேசுங்க” என்று சொல்லிவிட்டுத் தாமும் நின்று கேட்டார். எழுத்தர் அம்மையார் அதற்குள் ஒன்பது பேரின் வேலையை முடித்துவிட்டார்.

பேச்சு உச்சத்தை நெருங்கியபோது ஒன்று நடந்தது. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. “இந்தச் சட்டம் நம்மை மாற்றாந்தாய் மனப்பான்மையோடு” என்று தொடங்கினேன். தொடங்கியவன் நின்றுவிட்டேன். அச்சொற்றொடரை என் வாழ்நாளில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். ஆட்சியைத் திட்ட வேண்டுமானால் அதைவிட எளிதாக வாயில் வந்து விழும் தொடர் எங்கள் தொழிலில் இல்லை. அன்று அதை முடிக்காமலே விட்டேன். கூடியிருந்தவர்கள் நான் உணர்ச்சியால் தடுமாறுவதாக எண்ணிப் பலமாகக் கைதட்டினார்கள். நான் தடுமாறியது உணர்ச்சியால் அன்று, நினைவால்.

உனக்கு அப்போது பதினொன்று. நூலக அரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கூட்டம். நீ முதல் வரிசையில் அமர்ந்து என் ஒலிபெருக்கியின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மாற்றாந்தாய் மனப்பான்மையை ஏழு முறை கண்டித்தேன். கூட்டம் முடிந்து இருவரும் நடந்து வந்தோம். “தலைவரே, மாற்றாந்தாய்னா கெட்டவங்களா?” என்று கேட்டாய். “அது ஒரு சொல்வழக்கு” என்றேன். “அப்போ மாற்றாந்தகப்பன்?” என்றாய். கடைப் பலகைகளின் எழுத்துப்பிழைகளை உனக்குக் காட்டிக்கொண்டே இரண்டு தெருக்களைக் கடந்தேன். “தெரியாதா?” என்றாய். “எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். “சரி, மெதுவா எண்ணுங்க. செருப்பு வாரு அறுந்திருக்கு, பாத்து நடங்க” என்றாய்.

உன் தாயிடம் நீயோ நானோ இதைச் சொல்லவில்லை. ஆயினும் மறுநாள் அவ்வுரை அச்சுக்குப் போனபோது, மெய்ப்பில் அத்தொடர் ஏழு இடங்களிலும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், ‘வேறு சொல் தேடுக’ என்று எழுதியிருந்தார். நான் தேடவில்லை. அச்சில் நீக்கிவிட்டு மேடையில் அதையே முழங்கிக்கொண்டிருந்தேன். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் திருத்தத்தை நான் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான், பதிவு அலுவலகத்தில், பிறப்புச் சான்று வாங்க வந்தவர்களின் முன்னிலையில்.

கூட்டம் கலைந்தது. எழுத்தர் அம்மையார் தண்ணீர்க் குப்பியை என் பக்கம் நகர்த்தினார். “குடிங்க. நல்லா பேசறீங்க. அந்தப் பொண்ணை ஒரு தடவ நேர்ல கூட்டிட்டு வந்துடுங்களேன்” என்றார். “அவளுக்கு வேலை மிகுதி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறை சான்றுகளோடு சென்றேன். மூன்றாம் கட்டம் ‘மகள்’ என்றிருக்கிறது. அதற்குள் உன்னை எப்படியாவது நுழைத்துவிடுவது என்பது என் திட்டம். நீ விடுதியிலிருந்தும், பயிற்சிக் கூடத்திலிருந்தும், முதல் வேலையிலிருந்தும் எழுதிய மடல்கள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் சென்றேன். அவை சொற்சிக்கனத்துக்கு இலக்கணம் என்பதை நீயே அறிவாய். அம்மையார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்.

“இதுல எங்கயும் அப்பான்னு இல்லையே ஐயா.”

“இல்லை.”

“எல்லாத்துலயும் ‘தலைவரே’ன்னு இருக்கு. நீங்க எதுக்குத் தலைவர்?”

“எதற்கும் இல்லை.”

உண்மைதானே. கட்சியின் பேச்சாளர் பட்டியலில் எனக்கு நான்காம் இடம். அதற்கு மேல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. நீ வீட்டுக்கு வந்த முதல் வாரம், என்னை எப்படி அழைப்பது என்று உன் தாயிடம் கேட்டாய். “உனக்கு எது வருதோ அப்படிக் கூப்பிடு” என்றார் அவர். மேடையில் மற்றவர்களைப் பார்த்துத் தொண்டர்கள் கத்தியதை நீ கேட்டிருந்தாய். அது உனக்கு வந்தது. உலகிலேயே என்னைத் தலைவர் என்று அழைத்தவள் நீ ஒருத்தி. அதை நான் அம்மையாரிடம் விளக்கியபோது அவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, “கட்சி வழி உறவுன்னா எட்டாம் கட்டம்தான் வரும். நிறுவனம்” என்றார்.

நீ அயலார் நிலை மாறி நிறுவனமாக உயர்ந்த அந்தக் கணத்தில், அவர் கையில் இன்னொரு மடல் அகப்பட்டது. மின்தூக்கிப் பணியில் சேர்ந்த நாளில் நீ எழுதியது. அவர் அதை வாய்விட்டே படித்தார்: “தலைவரே, வேலையில அடிபட்டா யாரைக் கூப்பிடணும்னு எழுதச் சொன்னாங்க. உங்க எண்ணைக் கொடுத்துட்டேன். உறவுன்னு போட்டிருந்த இடத்துல என்ன எழுதறதுன்னு தெரியல, கோடு போட்டுட்டேன். மணி அடிச்சா எடுப்பீங்கல்ல?” படித்துவிட்டு அம்மையார் அம்மடலை நான்காக மடித்தார்; பையில் போடாமல் என் சட்டைப் பையில் வைத்தார். “இது இங்க செல்லாது ஐயா. ஆனா தொலைச்சுடாதீங்க” என்றார். பிறகு அடுத்தவரை அழைத்தார்.

மூன்றாவதாகப் பக்கத்து வீட்டு வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். “உயிலே வேணாம் ஐயா. வீட்டை ஒரு டிரஸ்ட்டுல போட்டுடுவோம். நீங்க இருக்கற வரைக்கும் நீங்க, அப்புறம் அவங்க. உறவுன்னு ஒரு கட்டமே வராது.” எனக்கு அது பிடித்துவிட்டது. விண்ணப்பத்தை நானே எழுதுகிறேன் என்றேன். சட்டத்தில் இதற்குத் ‘தனிப் பொறுப்புடைமை’ என்று பெயராம். அது நாவில் உருளாத சொல் என்று எண்ணி, தூய தமிழில், மிடுக்காக, ‘அறக்கட்டளை’ என்று எழுதிவிட்டேன். சட்டத்தின் கண்ணில் அறக்கட்டளை என்றால் ஊருக்குப் பொது; அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டார்கள். அடுத்த திங்களன்று காலையில் சதுரங்கக் கழகத்தினர் நால்வர் வந்து கூடத்தை அளந்து பார்த்துவிட்டு, “வெளிச்சம் பத்தாதுங்க” என்று குறை சொன்னார்கள். முற்பகலில் ஒரு நல்ல மனிதர் பன்னிரண்டு நாற்காலிகளை இறக்கி, தம் மறைந்த மனைவியின் பெயரை முதுகில் எழுதி நன்கொடையாக வைத்துவிட்டுக் கண்கலங்கிப் போனார். என் படுக்கையறையைப் படிப்பகம் என்று எண்ணி, வாசிப்பு நேரம் குறித்து ஒரு பெண்மணி என்னிடமே விசாரித்தார். வழக்கறிஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயா, நான் சொன்னது குடும்பத்துக்கு. நீங்க எழுதினது உலகத்துக்கு.” ஒரு வழியாக அதைத் திரும்பப் பெற்றோம். நாற்காலிகளைத் திரும்பப் பெற அந்த மனிதர் மறுத்துவிட்டார். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றில் இடித்துக்கொள்கிறேன். போகும்போது வழக்கறிஞர் வாயிற்படியில் நின்று, “இவ்வளவு சுத்தறீங்களே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?” என்றார். செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்தச் செடி பட்டது.

இதற்கிடையே, முதல் நாள் பதினேழாம் பக்கத்தோடு அம்மையார் குறித்து வைத்துக்கொண்ட ஏழாம் கட்டம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அயலாருக்கு வீடு எழுதினால், நெருங்கிய குருதி உறவினர் அறியும்படி முப்பது நாள் கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அவர் மறுப்பில்லை என்று எழுதித் தர வேண்டும். ஒட்டினார்கள். ‘இவ்வீடு அயலார் ஒருவருக்கு’ என்னும் வரியை மட்டும் படித்துவிட்டு வீட்டுத் தரகர்கள் மூவர் வந்தனர். நான்காம் நாள் என் அண்ணன் மகன் வந்தான். பதினைந்து ஆண்டுகள் எட்டிப் பாராதவன், அறிவிப்பு ஒட்டிய நான்காம் நாள் வருகிறான். உள்ளே நுழைந்ததும் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தான். பையிலிருந்து அளவுநாடாவை எடுத்துக் கூடத்தை நீளவாக்கில் அளந்தான். என் குருதி கொதித்தது. எழுந்து, குரலை ஏற்றி, பேராசையைக் குறித்து ஏழெட்டுச் சொற்றொடர்கள் பேசினேன். அவன் முழங்காலில் நின்றபடியே கேட்டுவிட்டு, “சித்தப்பா, நான் தரைக்கு ஓடு பதிக்கறவன். எந்த வீட்டுக்குப் போனாலும் கை தானா அளக்குது. உங்க மூலையில நாலு ஓடு தூக்கிட்டு நிக்குது, தடுக்கி விழுந்துடுவீங்க. அதைத்தான் பாத்தேன்” என்றான்.

நான் அமர்ந்தேன். அமர்ந்ததும் இடித்தது, நன்கொடை நாற்காலி.

“வீடு பத்தி ஒட்டியிருக்கே, படிச்சேன்” என்றான். “எனக்கு எதுக்கு? நம்ம தங்கச்சிக்குத்தானே போகுது. எங்க கையெழுத்துப் போடணும்?”

தங்கச்சி. திருப்புளி, இதை நீ உன்னிப்பாகக் கேட்க வேண்டும். சட்ட வல்லுநர்கள் இத்தனை காலம் தேடியும் அகப்படாத உறவுச் சொல்லை, அவன் தேநீர் ஆறுவதற்குள் கண்டுவிட்டான். எழுதியும் கொடுத்துவிட்டான். போகுமுன் அந்த நான்கு ஓடுகளையும் பதித்துவிட்டுத்தான் போனான்.

ஆக, தடை நீங்கிவிட்டது. வீடு உனக்கு வந்து சேரும். எழுத்தர் அம்மையாரும் அதையே சொன்னார். “வீடு போய்ச் சேருது இல்ல? கட்டம் ஏழா இருந்தா என்ன, மூணா இருந்தா என்ன? ஒரு சொல்லுதானே ஐயா?” ஒரு சொல்தானாம். ஐம்பது ஆண்டுகள் சொல்லை உண்டு சொல்லை உடுத்து வாழ்ந்தவனிடம் அவர் அதைச் சொல்கிறார். நான் ஏற்கவில்லை. நாளை நீ அந்த அலுவலகத்துக்குச் செல்வாய். நான் இருக்க மாட்டேன். யாரோ ஒருவர் ஏட்டைப் புரட்டி, உன் முகத்தைப் பார்க்காமல், ‘தருபவருக்கு அயலார்’ என்று உரக்கப் படிப்பார். நீ மறுக்க மாட்டாய். சரி என்று சொல்லிக் கோடு போட்ட இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவாய். அந்தக் காட்சியை நான் ஒப்ப மாட்டேன். செங்கல்லைக் கொடுத்துவிட்டுச் சொல்லைக் கொடுக்காமல் போனவன் என்னும் பெயர் எனக்கு வேண்டாம்.

ஆதலால், போர் தொடுத்துவிட்டேன். வழியுரிமை, பொறுப்புடைமை, உடைமைப் பகிர்வுச் சட்டங்களைத் திருத்த அரசு ஒரு குழு அமைத்திருக்கிறது. அக்குழுவின் முன் பதினான்கு தலைப்புகளில் பேச அணியமாகிவிட்டேன். வளர்த்தவனுக்கும் வளர்ந்தவளுக்கும் சட்டத்தில் இடம் கொடு என்று கேட்பேன். கொடுக்கும்வரை அமர மாட்டேன். முழங்கால் வலித்தால் சாய்ந்து நின்று பேசுவேன். உனக்கு இதில் எந்த வேலையும் இல்லை. நீ விடுப்பு எடுக்காதே, வராதே, தொலைபேசியில் கவலைப்படாதே. ஏறிய மின்தூக்கி பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு உன் குரல்தான் முதலில் கேட்கும் என்று சொல்வாயே, அந்தப் பணியை விட்டுவிட்டு ஒரு கிழவனின் வழக்குக்காக நீ ஓடி வரக் கூடாது. இது என் ஆணை.

உன் கைகள் காயமின்றி இருக்கட்டும். நீ தொட்ட கம்பிகள் அறாமல் இருக்கட்டும். நேரத்துக்கு உண்; முடிந்தால் அமர்ந்து உண். உன் தாயின் பெயரால் உன்னை நெஞ்சார வாழ்த்துகிறேன்.

இவண்,
உன் தாயை மணந்தவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை நீ நம்பியிருந்தால் என் சொல்வன்மை இன்னும் குன்றவில்லை என்று மகிழ்வேன். ஆனால் அதில் ஓர் உண்மை விடுபட்டிருக்கிறது. சட்டம் ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டது. குழு தன் வேலையை முடித்துக் கலைந்தே ஆறு மாதம் ஆகிறது. படிவத்தின் பின்பக்கத்தில் ஒன்பதாம் கட்டம் ஒன்று இருக்கிறது: ‘வளர்த்த மகன் அல்லது மகள்’. முதல் நாளே, ஏழு என்று சொன்ன அதே மூச்சில், எழுத்தர் அம்மையார், “பக்கத்தைத் திருப்புங்க ஐயா” என்றார். திருப்பினேன். படித்தேன். படித்த பிறகுதான் எழுந்து நாற்பது மணித்துளிகள் பேசினேன்.

அக்கட்டத்துக்கு என் ஒப்பம் மட்டும் போதாது. வளர்ந்தவர் நேரில் வந்து, ‘இவரை என் தந்தையாக ஏற்கிறேன்’ என்று தம் கையால் எழுத வேண்டும். அதாவது, நான் உன்னைக் கேட்க வேண்டும். உனக்கு ஒரு தந்தை இருந்தார். ஐந்து அகவை வரை உன்னைத் தோளில் சுமந்தவர். அவர் இடத்தை நான் கேட்கவில்லை. உன் பெயருக்கு முன் நிற்கும் அவருடைய எழுத்து மாறாது. அம்மையாரிடம் மூன்று முறை கேட்டேன், மூன்றாம் முறை அவர் சலித்துப்போய் எழுதியே கொடுத்துவிட்டார், அத்தாளும் உள்ளே இருக்கிறது. இதைச் சொல்லத்தான் உன்னைப் பதினோரு முறை தொலைபேசியில் அழைத்தேன். நீ எடுத்த ஒவ்வொரு முறையும் செடியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீ மாட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்னும் அச்சம், மகளே, வேறொன்றும் இல்லை. மறுக்க உனக்கு உரிமை உண்டு. அவ்வுரிமைக்காக எந்த மேடையிலும் வாதாடுவேன். இந்த ஒரு மடலில் மட்டும் வாதாட மாட்டேன்.

படிவத்தை இணைத்துள்ளேன். என் பகுதியை நிரப்பிவிட்டேன். உன் பகுதி வெறுமையாக இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாம் மேசையில் நமக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேலே இட்ட ஆணையை அடித்துவிடு. விடுப்பு எடு. புறப்பட்டு வா. வந்து கையொப்பமிடு.